பானையில் சோறு இருந்தது, பட்டினியும் இருந்தது

கேள்வி: ராமேஸ்வரத்தில் வாடகை வீட்டில் இருக்கிறோம். என் கணவர் ஆட்டோ ஓட்டுகிறார். மகளுக்கு 16 வயது, மகனுக்கு 12. மாமியாரும் எங்களோடுதான் இருக்கிறார். தனுஷ்கோடிப் புயலில் வீடு வாசல் இழந்து வந்த குடும்பம் அவருடையது. 2020 ஊரடங்கில் கோயில் நடை சாத்தி, யாத்ரீகர் வரத்து நின்றதும் வருமானம் அடியோடு போனது. ரேஷன் அரிசி இருந்ததால் சோற்றுக்குக் குறைவில்லை. ஆனால் பல நாள் ரசமும் ஊறுகாயும்தான். ராத்திரி பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டு, ‘நான் அப்பவே சாப்பிட்டேன்’ என்று சொல்லிப் படுத்த நாட்கள் உண்டு. கம்மல் அடகுக்குப் போனது, குழுக் கடன் ஏறியது. கொஞ்சம் நிமிரும் நேரத்தில் பாம்பன் பாலத்தில் ரயில் போக்குவரத்து நின்று மறுபடியும் அடி. இப்போது சவாரி பரவாயில்லை. ஆனால் பள்ளிக்கூட முகாமில் மகளுக்கு இரத்தம் 9.4 என்று சொல்லிவிட்டார்கள். மகன் பிஸ்கட், முறுக்கு எது கிடைத்தாலும் துணி அடுக்குக்குள் ஒளித்து வைக்கிறான். எனக்கும் இரண்டாவது அரிசி மூட்டை வீட்டில் இல்லாவிட்டால் தூக்கம் வருவதில்லை. வாங்கி வைத்து வண்டு விழுகிறது. நான் பாதி நாள் டீயைக் குடித்தே பொழுதை ஓட்டிவிடுவேன். ‘அரிசி இருந்த வீட்டுல என்ன பட்டினி’ என்கிறார் மாமியார். அது பட்டினிதானா? மகளுக்கு இரத்தம் குறைந்தது அதனால்தானா? இனி இப்படி ஒரு நிலை வராமல் இருக்க என்ன செய்வது?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ராமேஸ்வரம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பட்டினிதான். இதில் சுற்றி வளைக்க ஒன்றும் இல்லை. ஒரு குடும்பம் உணவுக்குத் தவிக்கிறதா என்று கண்டறிய ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு எட்டுக் கேள்விகள் வைத்திருக்கிறது. கையில் காசில்லாத காரணத்தால், கடந்த 12 மாதங்களில், சாப்பாட்டுக்கு என்ன செய்யப்போகிறோம் என்று கவலைப்பட்டீர்களா? சத்தான உணவு சாப்பிட முடியாமல் போனதா? ஒன்றிரண்டு வகையையே திரும்பத் திரும்பச் சாப்பிட்டீர்களா? ஒரு வேளையை விட்டீர்களா? வயிறு நிறையாமல் எழுந்தீர்களா? வீட்டில் சாமான் தீர்ந்துபோனதா? பசித்தும் சாப்பிடாமல் இருந்தீர்களா? ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் கிடந்தீர்களா? அவ்வளவுதான். உங்கள் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு டிக் போட்டுப் பார்த்தேன். ஐந்துக்காவது ‘ஆமாம்’ வருகிறது. அந்த எட்டில் ஒன்றுகூட, வீட்டில் அரிசி இருந்ததா என்று கேட்பதில்லை.

மாமியார்மேல் வருத்தப்படாதீர்கள். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனபோது கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வந்த வீடு அவருடையது. ராமநாதபுரச் சீமையில் அந்தத் தலைமுறைக்கு நெல்லுச்சோறு என்பதே நல்ல நாள் சாப்பாடு. மற்ற நாளெல்லாம் கேழ்வரகுக் கூழும் கம்பங்கஞ்சியும், தை மாசி வந்தால் அவித்த பனங்கிழங்கும். மூன்று வேளையும் வெள்ளைச் சோறு பொங்குகிற வீட்டைப் பார்த்தால் அவர் கண்ணுக்கு அது வசதியான வீடாகத்தான் தெரியும். வேடிக்கை என்னவென்றால், வறுமைச் சாப்பாடு என்று அவர் நினைக்கிற அந்தக் கூழில், 2020இல் நீங்கள் பொங்கிய வெறும் சோற்றைவிட இரும்பும் சுண்ணாம்பும் அதிகம். இதை அவரிடம் வாதமாக வைக்க வேண்டாம். அந்தக் கேழ்வரகைத் திரும்ப வீட்டுக்குள் கொண்டுவர அவரைப் போலப் பொருத்தமான ஆள் கிடையாது. அதை மட்டும் நினைவில் வையுங்கள்.

அரிசிக் கணக்கையும் ஒரு தடவை போட்டுப் பார்த்துவிடலாம். ரேஷனில் ஆளுக்கு மாதம் 5 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 2020இல் மத்திய அரசின் கூடுதல் ஒதுக்கீடாக ஆளுக்கு இன்னொரு 5 கிலோ வந்தது. ஆக மொத்தம் 10 கிலோ, ஒரு நாளைக்கு 330 கிராம் சொச்சம். 100 கிராம் அரிசிக்கு 350 கலோரி என்றால் 1,160 கலோரி வரும். ஓடியாடி உழைக்காத பெண்ணுக்கே ஒரு நாளைக்கு 1,660 கலோரி தேவை என்கிறது ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். 10 முதல் 12 வயதுப் பெண் பிள்ளைக்கு 2,060. உங்கள் மகள் அப்போது அந்த வயதில்தான் இருந்தாள். ஆக, இரண்டு பங்கு அரிசி வந்த மாதத்தில்கூட அது முழுச் சாப்பாடு ஆகாது. பருப்பைப் பாருங்கள்: கார்டுக்கு ஒரு கிலோ. ஐந்து பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏழு கிராம்கூடத் தேறாது. ஒன்றரை டீஸ்பூன் இருக்கும். அதில்தான் அந்த ரசம் வைத்தீர்கள்.

நான் அரிசித் திட்டத்தைக் குறை சொல்லவில்லை. தமிழ்நாட்டில் அரிசி கார்டு வைத்திருக்கும் எல்லாருக்கும் ரேஷன் அரிசி இலவசம் என்பதால்தான் இந்தக் கரையில் நிலைமை அத்தோடு நின்றது. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் டவுன் வீட்டுப் பசி வேறு மாதிரி. கிராமத்தில் கொல்லையில் ஒரு முருங்கை, கட்டுத்தறியில் ஒரு ஆடு, கேட்டால் ஒரு படி கேழ்வரகு தர ஒரு பங்காளி வீடு இருக்கும். டவுனில் எல்லாமே காசு. அரிசி இலவசமாக வந்தாலும் அதை வேகவைக்கக் கேஸ் வேண்டும், குடிக்கிற தண்ணீரைக் குடம் கணக்கில் வாங்க வேண்டும், புளி, எண்ணெய், மிளகாய், மாதம் பிறந்தால் வாடகை. ராமேஸ்வரத்தில் இது இன்னும் மோசம், ஏனென்றால் ஊரே ஒரே வருமானத்தில் ஓடுகிறது. யாத்ரீகர் வராவிட்டால் ஆட்டோ மட்டுமா நிற்கிறது? தீர்த்தக் கிணறுகளில் வாளி போட்டு இறைப்பவர்கள், சங்கு, பாசிமாலைக் கடைகள், லாட்ஜில் விரிப்பு மாற்றுகிற பெண்கள், பூக்கட்டுபவர்கள் எல்லாரும் ஒரே நாளில் உட்கார்ந்துவிட்டார்கள். கைமாற்றுக் கேட்கலாம் என்றால் பக்கத்து வீட்டிலும் அதே கதை. 2020 செப்டம்பர் 1ஆம் தேதி கோயில்களைத் திறந்த பிறகும் தீர்த்தமாடுவதற்குத் தடை நீடித்தது. 22 தீர்த்தம் ஆட முடியாது என்றால் வடக்கேயிருந்து யார் கிளம்பி வருவார்கள்? கடலும் கைகொடுக்கவில்லை. ஊரடங்கில் படகுகள் கரையில் நின்றன, அதன் பின்னாலேயே ஏப்ரல் 15இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. அந்த வருடம் அதை 47 நாளாகக் குறைத்தார்கள் என்பது உண்மை. ஆனால் பிடித்த மீனை வாங்க யார் கையில் காசு இருந்தது?

இப்படிப்பட்ட நேரத்தில் பசி வீட்டுக்குள் ஒரு வரிசையில்தான் வரும். இந்தக் கரையோர வீடுகளில் நான் திரும்பத் திரும்பப் பார்த்தது இது. முதலில் மீனும் முட்டையும் போகும். அடுத்து பால் டீ கடுங்காப்பி ஆகும். காய்கறி குறைந்து குறைந்து வெங்காயம் மட்டும் மிஞ்சும். அப்புறம் அம்மாவின் ராத்திரிச் சாப்பாடு போகும். பிள்ளைகளின் தட்டு கடைசியில்தான் குறையும். அந்தத் தட்டு குறையும்போதுதான் அக்கம்பக்கத்துக்கே விஷயம் தெரியும். அதற்குள் அம்மா எத்தனையோ ராத்திரி தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்திருப்பாள். அரசாங்கக் கணக்கிலும் இது வராது, மாமியார் கண்ணிலும் படாது. நீங்களேகூடக் கடிதத்தில் ‘சோற்றுக்குக் குறைவில்லை’ என்று முந்திக்கொண்டு எழுதியிருக்கிறீர்கள்.

இதில் இன்னொரு கொடுமையும் சேர்ந்துகொண்டது. நிவாரணப் பை கொடுக்க வந்த சிலர் போட்டோ இல்லாமல் கொடுக்கவில்லை. பையைக் கையில் பிடித்தபடி நிற்க வேண்டும், அந்தப் படம் சாயங்காலத்துக்குள் ஊர் வாட்ஸ்ஆப் குழுவில் வந்துவிடும். கீழக்கரைப் பக்கம் மார்பிள் போட்ட வீடுகளிலும் வெளிநாட்டுப் பணம் நின்று அடுப்பு தடுமாறிய குடும்பங்கள் இருந்தன. அவர்கள் அந்த வரிசையில் நிற்கவே இல்லை. வாங்காமல் விட்டவர்களின் வறட்டுக் கௌரவம் என்று சிலர் பேசினார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. தப்பு கேமராவைத் தூக்கியவர்கள் பேரில்தான்.

சரி, மகள் விஷயத்துக்கு வருகிறேன்.

முகாமில் சொன்ன 9.4 என்பது இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் அளவு. அது மிதமான இரத்தசோகை. அவள் வயதுக்கு 12க்குக் குறையக் கூடாது. 8க்குக் கீழே போனால்தான் கடுமையானது என்று கணக்கு. அதனால் பதற வேண்டாம், ஆனால் கீரையைத் தின்று தேற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிற அளவும் இது இல்லை. 2020தான் காரணமா என்றால், நேரடியாக இல்லை. நம் உடம்பில் ஒரு சிவப்பணுவின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள். அந்த வருடத்து இரத்தம் எப்போதோ மாறிவிட்டது. ஆனால் அவள் உயரம் போட வேண்டிய, வயதுக்கு வர வேண்டிய பருவத்தில் உடம்பில் இரும்பு சேமிப்பாகச் சேரவில்லை. பிறகு ரயில் நின்ற இரண்டு வருடத்துக்கு மேலான காலம், 2022 டிசம்பர் தொடங்கி புதிய பாலம் திறந்த 2025 ஏப்ரல் வரை, உங்கள் வீட்டுச் சட்டி பழைய நிலைக்கு முழுதாகத் திரும்பியிருக்காது. மாதாமாதம் போகிற இரத்தம் வேறு. வளர்ந்த ஆணுக்கு ஒரு நாளைக்கு 19 மில்லிகிராம் இரும்பு போதும், 16 வயதுப் பெண்ணுக்கு 32 வேண்டும். வீட்டில் யாருக்கு மீன் துண்டு பெரியதாகப் போகிறது என்று ஒரு நாள் கவனித்துப் பாருங்கள். இந்தக் கணக்குக்கு நேர் எதிராக இருக்கும்.

ஆக வேண்டியது இது. அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் இரத்தத்தை மறுபடியும் பார்க்கச் சொல்லுங்கள். மாதவிலக்கு எத்தனை நாள், எவ்வளவு போகிறது என்பதை மகள் டாக்டரிடம் வெட்கப்படாமல் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் வாரம் ஒன்று கொடுக்கிற இரும்புச்சத்து மாத்திரை வராமல் தடுப்பதற்கானது. 9.4க்குத் தினமும் மாத்திரை வேண்டும், அளவை டாக்டர் சொல்வார், மருந்து அங்கேயே இலவசம். மாத்திரை போட்டால் மலம் கறுப்பாகப் போகும். பயந்து நிறுத்திவிடாதீர்கள். வயிற்றைப் புரட்டினால் சாப்பாட்டுக்குப் பிறகு போடலாம். டீ, காப்பி, பாலோடு மட்டும் போடக் கூடாது. எலுமிச்சம்பழச் சாறோ நெல்லிக்காயோ கூட இருந்தால் உடம்பில் நன்றாக ஒட்டும். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பள்ளியில் பூச்சி மாத்திரை கொடுப்பார்கள். அன்றைக்கு லீவு போடுகிற பிள்ளைகள் நிறைய. உங்கள் பிள்ளைகள் போட்டார்களா என்று கேளுங்கள். எண்ணிக்கை 12ஐத் தொட்டதும் மாத்திரையை விட்டுவிடுவது எல்லா வீட்டிலும் நடக்கிறது. அதற்குப் பிறகும் சில மாதம் சாப்பிட்டால்தான் சேமிப்பு நிரம்பும்.

அடுத்து சாப்பாடு. ராமேஸ்வரத்தில் இருக்கிற உங்களுக்கு மீனைப் பற்றிச் சொல்ல நான் யார்? இருந்தாலும் சொல்கிறேன். விசைப்படகு திங்கள், புதன், சனியில் போய் மறுநாள் காலையில் கரை சேர்கிறது. இறாலும் கணவாயும் நண்டும் கம்பெனிக்குப் போகும், நல்ல மீன் ஐஸ் பெட்டியில் கேரளாவுக்கு ஏறும். மிஞ்சுகிற சூடை, காரல், நெத்திலியை ‘கழிசல்’ என்று ஒதுக்குகிறோமே, அதில்தான் உங்கள் வீட்டுக்கு வேண்டியது இருக்கிறது. காரலை முள்ளோடு குழம்பில் மெத்தென்று வேகவைத்து, நெத்திலியைத் தலை மட்டும் கிள்ளி முழுதாக வறுத்துத் தின்றால் சுண்ணாம்புச் சத்து முள்ளோடு உள்ளே போகும். மீனில் உள்ள இரும்பு கொஞ்சம்தான், ஆனால் அது உடம்பில் சுலபமாகச் சேரும். அது மட்டும் இல்லை, கூட வைக்கிற முருங்கைக்கீரையில் உள்ள இரும்பையும் சேர வைக்கும். அதனால் முருங்கைக்கீரையையும் மீனையும் ஒரே வேளைக்கு வையுங்கள், கடைசியில் எலுமிச்சை பிழியுங்கள். முடிந்த வாரத்தில் ஆட்டு ஈரலோ சுவரொட்டியோ நூறு கிராம் வாங்கி மகளுக்குக் கொடுங்கள். இரும்புக்கு அதற்கு மேலே ஒன்று தேட வேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் நாட்டுப்படகு மீன் விலை ஏறிவிடும். அப்போது முட்டையும் கருவாடும். கருவாட்டை வெந்நீரில் அலசி உப்பைப் போக்கிவிட்டு வையுங்கள், மாமியாருக்கு இரத்தக்கொதிப்பு இருந்தால் அவர் பங்கைக் குறைத்துவிடுங்கள்.

ரேஷன் அரிசியைக் கழுவும்போது வெளுத்து மிதக்கிற மணிகளைப் பொறுக்கிப் போடுகிறீர்களா? ‘பிளாஸ்டிக் அரிசி’ என்று சொல்லி இந்த மாவட்டத்தில் எத்தனையோ முற்றத்தில் அதைக் கோழிக்கு வீசுவதைப் பார்க்கிறேன். அது பிளாஸ்டிக் கிடையாது. அரிசி மாவில் இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்து மறுபடியும் மணியாகச் செய்தது. நூறு மணிக்கு ஒன்று என்ற கணக்கில் கலப்பது. நம் மாநில ரேஷனில் 2023 வாக்கில் பரவலாக வரத் தொடங்கியது. இப்படிக் கலந்த ஒரு கிலோ அரிசியில் 28 முதல் 42.5 மில்லிகிராம் வரை இரும்பு சேர்கிறது. உங்கள் மகளுக்கு வேண்டியதைத்தான் கோழிக்குப் போடுகிறோம். உங்கள் மூட்டையில் அந்த மணி இருந்தால் அரிசியை அழுத்தித் தேய்க்காமல் ஒரு தண்ணீரில் அலசி, வடிக்காமல் அளந்து தண்ணீர் வைத்துப் பொங்குங்கள். வடித்தால் அந்தக் கஞ்சியைக் கீழே ஊற்ற வேண்டாம். வீட்டில் யாருக்காவது தலசீமியா மாதிரி இரத்த நோய் இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பையன் சத்துணவு சாப்பிடுகிறானா? கடிதத்தில் அதைப் பற்றி இல்லை. வீட்டு நிலைமை கொஞ்சம் தேறியதும் பிள்ளைகளைச் சத்துணவு வரிசையிலிருந்து எடுத்துவிட்டு டப்பாவில் லெமன் சாதம் கட்டி அனுப்புகிற பழக்கம் இருக்கிறது. அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி என்றால் பத்தாம் வகுப்பு வரை சத்துணவு உண்டு, பள்ளி நாளெல்லாம் முட்டையும் உண்டு. வாரத்துக்கு ஐந்து முட்டையைக் கௌரவத்துக்காக விடாதீர்கள். மகள் அந்த வகுப்பைத் தாண்டியிருப்பாள். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் ஓடுகிறாளா, மதிய டப்பாவில் என்ன போகிறது என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டியது வீடுதான். அவித்த முட்டையோ ஒரு கைப்பிடி வறுத்த கடலையோ டப்பாவின் ஓரத்தில் கட்டாயம் இருக்கட்டும்.

மகன் தின்பண்டத்தை ஒளிப்பது திருட்டுப் புத்தி கிடையாது. ஆறேழு வயதில், டப்பாவைத் திறந்தால் ஒன்றும் இல்லை என்பதைப் பார்த்த பிள்ளை அவன். நாளைக்கு இருக்குமோ இருக்காதோ என்கிற எண்ணம் வயிறு நிறைந்த பிறகும் போகாது. துணியைக் கலைத்துக் கண்டுபிடித்து எல்லார் முன்னாலும் கேட்காதீர்கள். அவன் பேருக்கு ஒரு மூடி போட்ட டப்பா கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை அதில் பொரிகடலை, கடலைமிட்டாய், முறுக்கு என்று போட்டு நிரப்புங்கள். வேறு யாரும் அதில் கை வைக்கக் கூடாது, அக்காவும் அப்பத்தாவும் சேர்த்துத்தான். ஒரே நாளில் காலி செய்தாலும் திட்ட வேண்டாம். அடுத்த ஞாயிறு அது கட்டாயம் நிரம்பும் என்பது அவனுக்குப் பழகியதும் துணி அடுக்குக்குள் போவது தானாகக் குறையும். ராத்திரி எழுந்து திணித்துத் தின்கிறான், வாந்தி எடுக்கிறான், சாப்பாட்டு விஷயத்தில் பொய் கூடிக்கொண்டே போகிறது என்றால் 14416க்குப் போன் செய்யுங்கள். அது அரசின் மனநல ஆலோசனை எண், தமிழில் பேசுவார்கள்.

அவனுக்குச் சொன்னதேதான் உங்கள் இரண்டாவது மூட்டைக்கும். மூட்டை வீட்டில் இல்லாமல் தூக்கம் வரவில்லை என்றால் அதை நிறுத்தச் சொல்ல மாட்டேன். கஷ்டத்தைப் பார்த்த வீட்டில் கையிருப்பு இருப்பது நல்லதுதான். ஆனால் அதை ஏன் அரிசியாக வைக்கிறீர்கள்? அரிசிதான் எப்படியும் ரேஷனில் வந்துவிடுகிறதே. அந்தக் காசுக்குத் துவரம்பருப்பு, பொட்டுக்கடலை, நிலக்கடலை, கேழ்வரகு, கொஞ்சம் நெத்திலிக் கருவாடு என்று வாங்கித் தனித்தனி டப்பாவில் வையுங்கள். மாதம் ஒரு டப்பாவை எடுத்துச் செலவழித்து, புதிதாக நிரப்பிக்கொண்டே வாருங்கள். 2020இல் உங்கள் வீட்டில் இல்லாமல் போனவை இவைதான். கேழ்வரகை மாமியார் பொறுப்பில் விட்டுவிடுங்கள். இப்போது இருக்கிற வண்டு அரிசியைப் புடைத்து, நிழலில் உலர்த்தி, நன்றாகக் கழுவிப் பொங்கலாம். பூசண வாடை அடித்தால் மட்டும் கொட்டிவிடுங்கள். மிச்சத்தில் காய்ந்த வேப்பிலையும், நம்ம ஊர்க் குண்டு மிளகாய் வற்றல் ஒரு கைப்பிடியும் போட்டு வையுங்கள்.

ரேஷனில் 30 ரூபாய்ப் பருப்பும் 25 ரூபாய்ப் பாமாயிலும் ‘ஸ்டாக் வரல’ என்று தட்டிப்போகிற மாதம் வந்தால் பேசாமல் திரும்பிவிடாதீர்கள். 1967 என்ற எண்ணில் புகார் சொல்லலாம். வாங்காத பொருளுக்கு வாங்கியதாகப் போனில் குறுஞ்செய்தி வந்தாலும் அதே எண்தான். கார்டில் இருக்கிற போன் எண் இப்போது உங்கள் கையில் இருக்கிற எண்தானா என்பதை இ-சேவை மையத்தில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். 2020இலும், 2021இல் 2,000 ரூபாயாக இரண்டு தவணையும் 14 வகை மளிகைப் பையும் கொடுத்தபோதும், எல்லாம் கார்டை வைத்துத்தான் வந்தது. கார்டில் கோளாறு இருந்த வீடுகள் அந்த நேரத்தில் அலைந்த அலைச்சல் கொஞ்சமில்லை.

கடனைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், அது என் துறை இல்லை. ஊரடங்கில் ஆறு மாதம் தவணை கட்ட வேண்டாம் என்றார்கள், வட்டி மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. உங்கள் குழுக் கடன் ஏறியது அதனால்தான் இருக்கும். தண்டல், வார வட்டி என்று ஏதாவது மிச்சம் இருந்தால் அதை முதலில் தீருங்கள், கம்மல் பிறகு வரட்டும். இப்போது முட்டைக்குப் போக வேண்டிய காசு வட்டிக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறது. ஆடி அமாவாசை, தை அமாவாசை, ஐயப்ப சீசன் என்று ஆட்டோவுக்கு நல்ல ஓட்டம் இருக்கிற நாட்களில் கடலை, பருப்பு டப்பாக்களை நிரப்பிக்கொள்ளுங்கள். மழைக்காலம் வந்தால் சவாரி எப்படி இருக்கும் என்று உங்கள் வீட்டுக்காரருக்கே தெரியும்.

கடைசியாக உங்களைப் பற்றி. மகளின் இரத்தம், மகனின் ஒளிப்பு, மாமியாரின் பேச்சு எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். உங்களைப் பற்றி இருப்பது மூட்டையும் டீயும் மட்டும். பசி நேரத்தில் டீ குடித்தால் பசி அடங்கிவிடும், அப்புறம் சாப்பிடத் தோன்றாது. சாப்பாட்டை ஒட்டிக் குடித்தால் சாப்பிட்ட கொஞ்சத்தில் இருக்கிற இரும்பும் உடம்பில் சேராது. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ வேண்டாம். மீனோ முட்டையோ எதுவானாலும் பரிமாறத் தொடங்கும் முன்பே ஐந்து பங்காகப் பிரித்து, உங்கள் பங்கைத் தனிக் கிண்ணத்தில் மூடி வையுங்கள். எல்லாரும் சாப்பிட்டு மிஞ்சியதுதான் உங்களுக்கு என்ற வழக்கம் இருக்கிறவரை சவாரி எவ்வளவு கூடினாலும் உங்கள் தட்டுக்கு ஒன்றும் வந்து சேராது. ராத்திரி ஒரு வேளையாவது ஐந்து பேரும் சேர்ந்து உட்காருங்கள். அப்போது ‘நான் அப்பவே சாப்பிட்டேன்’ என்ற பேச்சுக்கே இடமிருக்காது.

மகளைக் கூட்டிப்போகிற அன்றைக்கு ஓ.பி.யில் இரண்டு சீட்டு போடுங்கள். ஒன்று அவளுக்கு, ஒன்று உங்களுக்கு. ஒரு மாதம் மாத்திரை சாப்பிட்ட பிறகு மறுபடியும் பாருங்கள். ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தால் குறைந்தது ஒரு புள்ளியாவது ஏறியிருக்க வேண்டும். ஏறாவிட்டால் இரும்புக் குறைவு மட்டும்தான் காரணமா என்று டாக்டர் மேற்கொண்டு பார்ப்பார், தேவைப்பட்டால் ராமநாதபுரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புவார். இரண்டு பேருடைய இரத்த அளவையும் குறித்து எனக்கு எழுதுங்கள்.